பர்ப்பிள் மார்ட்டின் வீட்டில் பறவை தங்கவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பர்ப்பிள் மார்ட்டின் என்னும் வட அமெரிக்கப் பறவைக்காகத் தோட்டத்தில் கம்பம் நட்டு, வெள்ளை நிறத்தில் பல அறைகள் கொண்ட வீட்டையோ சுரைக்குடுக்கை வரிசையையோ ஏற்றிவைத்தவர்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே முறையீடுகளுடன் வருகிறார்கள். ஹூஸ்டனைச் சுற்றியுள்ள புறநகர்களில் நண்பர்களின் கம்பங்களைச் சரிசெய்து பழகியதில் எனக்குத் தெளிவானது இதுதான்: கோளாறு பெரும்பாலும் வாங்கிய வீட்டில் இருப்பதில்லை, அது நிற்கும் இடத்திலும், அதை நாம் கவனிக்கும் முறையிலும் இருக்கிறது. ஆகவே புதிய வீடு வாங்கக் கிளம்பும் முன், உங்கள் தோட்டத்தில் தெரியும் அறிகுறியைக் கீழே தேடி, அங்கு சொல்லப்பட்ட வரிசையிலேயே சரிபார்த்து வாருங்கள். செலவில்லாத காரணங்கள் முதலிலும், பணமும் ஆளும் தேவைப்படுபவை கடைசியிலும் உள்ளன.

எல்லாவற்றுக்கும் முன்பு பார்க்க வேண்டியது நீங்கள் வசிக்கும் ஊர். தகைவிலான் குடும்பத்தைச் சேர்ந்த இந்தப் பறவை, ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே மனிதர் அமைத்துத் தரும் வீடுகளையே ஏறத்தாழ முழுமையாக நம்பி வாழ்கிறது. மேற்கே அப்படியில்லை, அங்கே மரங்கொத்தி குடைந்த பொந்துகளிலும், அரிசோனாவின் பாலைநிலத்தில் சகுவாரோ கள்ளியின் பொந்துகளிலும் கூடு கட்டுகிறது. கலிஃபோர்னியாவில் குடியிருப்பவர் டெக்சாஸில் பார்த்த பன்னிரண்டு அறை வீட்டை வாங்கி நட்டால் அது வெறுமையாகவே நிற்க வாய்ப்பு மிகுதி. கனடாவில் தெற்கு ஒன்டாரியோவுக்கு இவை வருகின்றன. எனவே அங்குள்ளவர்கள் தயங்காமல் முயலலாம்.

அறிகுறி 1: ஒரு மார்ட்டின்கூட வந்து எட்டிப்பார்க்கவில்லை

*நாட்காட்டியைப் பாருங்கள்.* இப்பறவைகள் பிரேசிலிலும் தென்னமெரிக்காவின் பிற பகுதிகளிலும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்புகின்றன. ஃபுளோரிடாவுக்கும் வளைகுடாக் கரைக்கும் ஜனவரி, பிப்ரவரியிலேயே முதல் பறவைகள் வந்துவிடும். வட மாநிலங்களுக்கும் ஒன்டாரியோவுக்கும் ஏப்ரல் ஆகிவிடும். ஆனால் புதிதாக வீடு வைத்தவர் இந்த முதல் வருகையை எதிர்பார்க்கக் கூடாது. முதலில் வருபவை முதிர்ந்த பறவைகள். அவை சென்ற ஆண்டு குஞ்சு பொரித்த இடத்துக்கே போகும். புதிய வீட்டுக்குக் குடிவருபவை பெரும்பாலும் சென்ற ஆண்டு பிறந்த இளம்பறவைகள். இவை ஏறக்குறைய 4 முதல் 6 வாரங்கள் கழித்தே வரத் தொடங்கி, அதன் பிறகும் பல வாரங்கள் வந்துகொண்டிருக்கும். பக்கத்து ஊரில் மார்ட்டின் வந்துவிட்டது, என் வீட்டுக்கு வரவில்லை என்று மார்ச் மாதத்தில் மனம் தளர்ந்து கம்பத்தை இறக்குபவர்கள், தமக்கு வரவிருந்த பறவைகளையே திருப்பி அனுப்புகிறார்கள்.

*கயிற்றால் அளந்து பாருங்கள்.* 40 அடி நீளமுள்ள நைலான் கயிற்றின் ஒரு முனையைக் கம்பத்தின் அடியில் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு முழு வட்டமாகச் சுற்றி வாருங்கள். அந்த வட்டத்துக்குள் மார்ட்டின் வீட்டைவிட உயரமான மரம் ஒன்று நின்றாலும் காரணம் அதுவாக இருக்கலாம். 60 அடி வரை வெட்டவெளி இருந்தால் இன்னும் நல்லது. இப்பறவை நீண்ட தாழ்வான வளைவில் பறந்து வந்து இறங்கும். வரும் வழியை மரக்கிளைகள் மறித்தால், அவற்றில் வல்லூறு ஒளிந்திருக்கும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டே அது விலகிப் போகும். பலர் மரத்தின் தூரத்தை அடிமரத்திலிருந்து அளக்கிறார்கள். அளக்க வேண்டியது கிளையின் நுனியிலிருந்து. ஐந்தாண்டுகளுக்கு முன் சரியாக இருந்த இடம், கிளை வளர்ந்ததால் இன்று தவறான இடமாகியிருக்கலாம். முன்பு வந்த பறவைகள் மெல்ல மெல்லக் குறைந்துபோன தோட்டங்களில் முதலில் நான் பார்ப்பது இதைத்தான்.

*வீட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது?* தோட்டத்தின் கடைக்கோடியில், யாரும் நடமாடாத மூலையில் வைத்தால் பறவை விரும்பும் என்று நினைப்பது இயல்பு, உண்மை நேர்மாறானது. மனித நடமாட்டம் வேட்டைவிலங்குகளை அகற்றிவைக்கும் என்பதால் மனிதர் வாழும் வீட்டிலிருந்து 120 அடிக்குள் உள்ள கம்பத்தையே மார்ட்டின்கள் விரும்புகின்றன. ஐரோப்பியர் வருமுன்பே சாக்டா, சிக்கசா முதலிய தொல்குடி மக்கள் தம் குடியிருப்பருகே சுரைக்குடுக்கைகளைத் தொங்கவிட்டு இப்பறவைகளை வரவழைத்தார்கள். அந்த நெருக்கம் அத்தனை பழையது.

*உயரமும் சுற்றமும்.* வீடு தரையிலிருந்து 12 முதல் 15 அடி உயரத்தில் இருக்கட்டும். கம்பத்தைச் சுற்றிப் புதரோ கொடியோ வளரவிடாதீர்கள். கம்பத்தை இழுத்துக்கட்டும் கம்பிகள் இருந்தால் அவையும் பாம்புக்கும் ரக்கூனுக்கும் ஏணியாகும்.

*விடியல் பாட்டு.* மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் வெறுமையாக நின்றால், முதிர்ந்த ஆண் மார்ட்டின் இருள் பிரியுமுன் பாடும் பாட்டின் ஒலிப்பதிவை, பருவம் முழுவதும் அதிகாலை 4 மணி முதல் 6 மணி வரை ஒலிக்கவிடலாம். வான்வழியே இடம் தேடித் திரியும் இளம்பறவைகளை ஈர்ப்பதற்குச் சிறிய ஒலிபெருக்கி போதும். அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்.* மரத்தை வெட்டுவதைவிடக் கம்பத்தை நகர்த்துவதே மலிவு. வேறு இடமே இல்லை, கிளைகளைக் கழிக்கத்தான் வேண்டும் என்றால், பயிற்சி பெற்ற மர வல்லுநரை அழைத்து, பறவைகள் கூடு கட்டாத குளிர்காலத்தில் அந்த வேலையை முடியுங்கள். அமெரிக்காவில் புதிய குழி தோண்டுவதற்குச் சில நாட்கள் முன்பே 811 என்ற எண்ணை அழைத்தால் நிலத்தடிக் குழாய்களும் கம்பிகளும் போகும் வழியைக் குறித்துத் தருவார்கள். மின்கம்பி அருகில் இருந்தால், கம்பம் சாய்ந்தாலும் எட்டாத தூரத்துக்கு விலகிச் செல்லுங்கள்.

அறிகுறி 2: வருகின்றன, உட்கார்ந்து பார்க்கின்றன, தங்காமல் போகின்றன

இடம் சரி என்று பறவையே சொல்லிவிட்டது. இனி வீட்டின் உள்ளே பாருங்கள். முதல் ஐயம், வேறொரு பறவை ஏற்கெனவே உரிமை கொண்டாடுகிறதா என்பது. காலையில் அரைமணி நேரம் அமைதியாக உட்கார்ந்து கவனித்தால் விடை கிடைத்துவிடும். சிட்டுக்குருவியோ ஸ்டார்லிங்கோ என்றால் மூன்றாம் அறிகுறிக்குச் செல்லுங்கள். வட மாநிலங்களில் வயிறு வெளுத்து முதுகு நீலப்பச்சையாக மின்னும் ட்ரீ ஸ்வாலோ என்னும் சிறிய தகைவிலான் இடம் பிடித்திருந்தால், அதை விரட்டாதீர்கள். 1½ அங்குல வட்டத் துளையுள்ள ஒற்றைப் பெட்டி ஒன்றைச் சற்றுத் தள்ளி, தாழ்வாக, வெட்டவெளியில் வையுங்கள். மார்ட்டின் வீட்டின் அறைகளைச் சில நாட்கள் மூடி வைத்தால் அது அந்தப் பெட்டிக்கு மாறிவிடும். ஒரு இணை அங்கே குடியேறிய பின், தன் இனத்துப் பிற பறவைகளை அதுவே விரட்டிவிடும் என்பதால் உங்களுக்கு இரட்டை நன்மை.

உள்ளே யாரும் இல்லை என்றால் அளவுகோலை எடுங்கள். வட்ட நுழைதுளை 2⅛ அங்குலத்தை ஒட்டி இருக்க வேண்டும். பழைய வீடுகளில் அறை 6 அங்குல நீளம், 6 அங்குல அகலம் மட்டுமே இருக்கும். பறவை அதையும் ஏற்கும். ஆனால் 6க்கு 12 என ஆழமான அறை கிடைத்தால் அதையே தேர்ந்தெடுக்கும், குஞ்சுகளும் அங்கே பிழைப்பது எளிது. பல வீடுகளில் இரண்டு அறைகளுக்கு இடையிலுள்ள தடுப்புச் சுவரில் துளையிட்டு ஒன்றாக்கலாம். பன்னிரண்டு அறை ஆறாகக் குறைகிறதே என்று வருந்த வேண்டாம். புதிதாக வைத்தவர்கள் அறையின் தரையில் ஒரு பிடி காய்ந்த பைன் ஊசியிலையோ மரச்சீவலோ பரப்பிவைப்பதும் உதவும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வந்த பறவைகள் திடீரென்று ஒட்டுமொத்தமாக எழும்பிப் போவதைக் கண்டால் வானத்தைப் பாருங்கள். கூப்பர்ஸ் ஹாக் என்னும் வல்லூறு அந்தப் பக்கம் வேட்டைக்கு வருகிறது. அதுவும் சட்டத்தின் பாதுகாப்பு பெற்ற பறவை. அதைத் துன்புறுத்த உரிமையில்லை. அது மறைந்திருந்து பாயும் மரத்திலிருந்து கம்பத்தைத் தள்ளி வைப்பதுதான் நாம் செய்யக்கூடியது.

அறிகுறி 3: சிட்டுக்குருவியும் ஸ்டார்லிங்கும் குடியேறிவிட்டன

நம்மவர்களுக்கு மிகவும் கடினமான பகுதி இது. ஊரில் சிட்டுக்குருவி குறைந்துவிட்டதே என்று கவலைப்பட்டு மரப்பெட்டி வைத்த கைகளுக்கு, அதே குருவியின் கூட்டை இங்கே கலைக்க மனம் வருவதில்லை. ஆனால் அமெரிக்க மண்ணில் சிட்டுக்குருவி 1850களின் தொடக்கத்தில் புரூக்லினிலும், மைனாவின் உறவான ஐரோப்பிய ஸ்டார்லிங் 1890இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கிலும் மனிதரால் கொண்டுவந்து விடப்பட்டவை. பொந்தில் கூடு கட்டும் மண்ணின் பறவைகளை இவை இரண்டும் கொத்தியும் கொன்றும் வெளியேற்றுகின்றன. கவனிப்பாரற்ற மார்ட்டின் வீடு ஆண்டுதோறும் குருவிகளையே பெருக்கி அனுப்பும். அப்படி நிற்பதைவிட அது இல்லாமலிருப்பது மார்ட்டின்களுக்கு நல்லது என்பதே என் உறுதியான கருத்து.

*முதலில் கூட்டைப் படியுங்கள்.* வீட்டை இறக்கி அறைக் கதவைத் திறந்தால் உள்ளே இருப்பது யாருடையது என்று ஐயமின்றித் தெரிய வேண்டும். காய்ந்த புல், கோழியிறகு, பிளாஸ்டிக் உறைத் துண்டு, நூல் என்று அறையின் கூரைவரை திணித்து, ஒரு பக்கம் சுரங்கம்போல் வழி விட்டிருந்தால் அது சிட்டுக்குருவி. முட்டையில் சாம்பல்பழுப்புப் புள்ளிகள் இருக்கும். முட்டை புள்ளியே இல்லாமல் வெளிர்நீலமாக இருந்து, கூடு முரட்டுப் புல்லும் குப்பையுமாகக் கிடந்தால் ஸ்டார்லிங். மார்ட்டினின் கூடு தட்டையானது. நுழைதுளையை நோக்கிய பக்கத்தில் சேற்றால் ஒரு சிறு வரம்பு கட்டியிருக்கும், சுள்ளிகளுக்கு மேலே பறித்துக் கொண்டுவந்த பச்சை இலைகள் கிடக்கும், முட்டைகள் தூய வெள்ளை. இந்த அடையாளம் கட்டாயமானது. ஏனென்றால் 1918ஆம் ஆண்டின் புலம்பெயர் பறவைகள் ஒப்பந்தச் சட்டப்படி மண்ணின் பறவைகளுடைய முட்டையையோ குஞ்சையோ அகற்றுவது குற்றம். சிட்டுக்குருவிக்கும் ஸ்டார்லிங்குக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. கனடாவிலும் நிலை இதுவே.

*செலவில்லாத தடுப்பு.* மார்ட்டின் வரும்வரை துளைகளை மூடி வையுங்கள். ஏற்கெனவே குடியிருப்பு உள்ள இடத்தில் முதல் பறவை வந்தவுடன் திறக்கலாம். புதிய இடத்தில், உங்கள் பகுதிக்கு முதல் முதிர்ந்த பறவைகள் வந்து ஏறத்தாழ 4 வாரங்கள் கழித்துத் திறப்பது போதும். தோட்டத்தில் ரொட்டித் துண்டு, சிறுதானியம், உடைத்த மக்காச்சோளம் ஆகியவற்றை இறைப்பதை நிறுத்துங்கள். குருவிக் கூட்டத்தை வரவழைப்பது அதுதான்.

*சிறு செலவு.* ஸ்டார்லிங்குக்கு எதிராக நுழைதுளையையே மாற்றலாம். பிறை வடிவத்தில், உயரம் சரியாக 1 3/16 அங்குலம், அதாவது 30 மில்லிமீட்டர் உள்ள துளையில் மார்ட்டின் உடலைத் தாழ்த்தி நுழைந்துவிடும். நெஞ்சு பருத்த ஸ்டார்லிங்கால் பெரும்பாலும் முடியாது. துளையின் அடிவிளிம்பு வாசல் திண்ணையிலிருந்து அரை அங்குலத்துக்குமேல் உயர்ந்திருக்கக் கூடாது, துளையின் உயரமும் ஒரு மயிரிழை கூடக் கூடாது. கையால் வெட்டியவற்றில் பாதிக்குமேல் இந்த இடத்தில்தான் பிசகுகின்றன. ஆகவே அச்சாக வெட்டி விற்கப்படும் தகட்டை வாங்கித் திருகுங்கள். ஆனால் சிட்டுக்குருவி மார்ட்டினைவிடச் சிறியது. மார்ட்டின் நுழையும் எந்தத் துளையிலும் அது நுழையும்.

*குருவிக்கு எதிராகக் கைவேலைதான் மருந்து.* வாரம் இருமுறையாவது வீட்டை இறக்கிக் குருவிக் கூட்டை அகற்ற வேண்டும். இதில் ஓர் ஆபத்து உண்டு: மார்ட்டின்கள் அதே வீட்டில் முட்டையிட்ட பின், ஆண்குருவியின் கூட்டை மட்டும் கலைத்தால் அது பக்கத்து அறைகளில் புகுந்து முட்டைகளைக் குத்தி எறியலாம். அந்தக் கட்டத்தில் குருவியின் முட்டைகளில் சமையல் எண்ணெயைத் தடவி அங்கேயே விட்டுவிடுவது மேல். அவை பொரிக்காது, குருவியும் அவற்றை அடைகாத்துக்கொண்டு அமைதியாக இருக்கும். அறைக்குள் பொருத்தும் பொறிகள் கிடைக்கின்றன. பொறி வைத்தால் மணிக்கொருமுறை பார்க்க முடிந்தவர் மட்டுமே வைக்க வேண்டும். மார்ட்டினே அகப்பட்டு வெயிலில் வெந்துபோவதைவிடக் கொடுமை இல்லை. பிடித்த குருவியை என்ன செய்யலாம் என்பதை உங்கள் மாநில வனவிலங்குத் துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி 4: முட்டையோ குஞ்சோ காணாமல் போகிறது

தடயத்தைப் பார்த்தே குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடியும். ஆகையால் எதையும் துப்புரவாக்கும் முன் தரையையும் அறையையும் நன்றாகப் பாருங்கள்.

கூடு கலையாமல், ஓர் இறகும் சிந்தாமல், அறை முழுவதும் ஒரே இரவில் காலியானால் பாம்பு. தென் மாநிலங்களில் ராட் ஸ்நேக் வழவழப்பான உலோகக் கம்பத்திலும் ஏறிவிடும். கூட்டுப்பொருள் வெளியே இழுக்கப்பட்டு, தரையில் இறக்கைகளும் இறகுகளும் கிடந்து, கம்பத்தில் சேற்றுத் தடம் தெரிந்தால் ரக்கூன். சேற்றுத் தடம் இல்லாமல், மேல்தளத்து அறைகளின் வாசல் மட்டும் சிதைந்து இறகுகள் கிடந்தால், இரவில் வீட்டின்மேல் அமர்ந்து தன் கால்நகங்களை உள்ளே விட்டுத் துழாவும் பெரிய கொம்பு ஆந்தை. முட்டையில் ஊசியால் குத்தினாற்போன்ற துளை இருந்து கீழே விழுந்து கிடந்தால் ஹவுஸ் ரென் என்னும் சிறு பறவை அல்லது சிட்டுக்குருவி. ரென் என்றால் அறையில் சுள்ளிகளும் கிடக்கும்.

ஏறிவருபவற்றுக்கு ஒரே விடை கம்பத் தடுப்பு. 8 அங்குல விட்டமும் 24 அங்குலத்துக்குக் குறையாத நீளமும் கொண்ட தகர உருளையின் மேல்வாயை அடைத்து, தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில் கம்பத்தில் தொங்கவிடுங்கள். நீளமான பாம்புகள் உள்ள பகுதியில் அதற்குக் கீழே தோட்ட வலையையும் தளர்வாகச் சுற்றலாம். நாள்தோறும் பார்த்து, சிக்கியதை விடுவிக்க ஆயத்தமாக இருப்பவர் மட்டும் அதைச் செய்யட்டும். ஆந்தைக்கு ஆழமான அறையும், வீட்டைச் சுற்றிய கம்பிவலைச் சட்டமும் காப்பு. தடுப்பு இல்லாமல் கம்பம் விற்பது வழக்கமாக இருக்கிறது. தடுப்பையும் சேர்த்து வாங்க முடியாதவர், முடியும்வரை வீட்டை ஏற்றாமலிருப்பதே பறவைக்குச் செய்யும் உதவி.

அறிகுறி 5: பறக்கத் தெரியாத குஞ்சுகள் தரையில் கிடக்கின்றன

மார்ட்டின் குஞ்சுகள் பொரித்து ஏறத்தாழ 28 நாட்களில் வெளியேறும். அதற்கு முன் குதித்தால் உள்ளே இருக்க முடியாத காரணம் ஒன்று உண்டு. கூட்டைத் தொட்டுப் பாருங்கள்: ஈரமாக இருந்தால் மழைநீர் புகுகிறது, மிளகுத்தூள் தூவினாற்போல் நுண்ணிய பூச்சிகள் கையில் ஏறினால் உண்ணி. இரண்டுக்கும் ஒரே சிகிச்சை. குஞ்சுகளை ஒரு வாளியில் துணி விரித்து வைத்து, பழைய கூட்டை முழுவதுமாக எடுத்து எறிந்து, காய்ந்த மரச்சீவலையோ பைன் ஊசியிலையையோ குழிவாகப் பரப்பி, அதே அறையில் அதே குஞ்சுகளை விட்டுவிடுங்கள். மனிதர் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை. பூச்சிக்கொல்லித் தூள் எதையும் அறைக்குள் போடாதீர்கள். குஞ்சுகளுக்கு 22 நாட்கள் ஆகிவிட்டால் கதவைத் திறக்கவே வேண்டாம். அந்த வயதில் அஞ்சி எல்லாமே குதித்துவிடும். பொரித்த நாளை அறை எண்ணுடன் குறித்து வைப்பது இதற்காகத்தான்.

கூடு உலர்ந்து சுத்தமாக இருந்தும் குதிக்கின்றன என்றால் வெப்பம். டெக்சாஸின் ஜூன் வெயிலில் காற்றுத்துளை அடைபட்ட அலுமினிய அறை தாங்க முடியாததாகிவிடும். துளைகளைத் திறந்து, வீட்டின் மேற்பரப்பை வெள்ளையாக வைத்து, கூரைக்கு மேல் ஒரு நிழல்தட்டியைப் பொருத்துங்கள்.

விழுந்த குஞ்சு எந்த அறையினது என்று தெரியாவிட்டால், அதே வயதுக் குஞ்சுகள் உள்ள அறையில் சேருங்கள். இறக்கை தொங்கினாலோ, இரத்தம் தெரிந்தாலோ, பூனை கவ்வியிருந்தாலோ, உரிமம் பெற்ற வனவிலங்கு மறுவாழ்வாளரை உடனே அழையுங்கள். உரிமமின்றி வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி தவறு. பறவைக்கும் அது நல்லதில்லை.

அறிகுறி 6: குளிரில் பறவைகள் சோர்ந்து ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன

மார்ட்டின் பறக்கும் பூச்சியை மட்டுமே உண்ணும். வெப்பம் 50 பாரன்ஹீட், அதாவது 10 செல்சியஸுக்குக் கீழே இறங்கினாலோ விடாமல் மழை பெய்தாலோ பூச்சி எழும்பாது. ஒரு நாள் இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் ஆபத்து. 1972 ஜூனில் ஆக்னஸ் புயலின் மழை பென்சில்வேனியாவிலும் சுற்றுப்புறத்திலும் ஏராளமான மார்ட்டின்களை இப்படித்தான் பட்டினியால் கொன்றது.

செய்ய வேண்டியது, உறையவைத்து விற்கும் சுவர்க்கோழிப் பூச்சிகளை இளக்கி, பிளாஸ்டிக் கரண்டியில் ஒவ்வொன்றாக வைத்து, அமர்ந்திருக்கும் பறவையின் முன்னே உயரச் சுண்டிவிடுவது. முதல் சில பூச்சிகள் தரையில்தான் விழும். பசித்த பறவை ஒன்று பாய்ந்து பிடித்துவிட்டால் மற்றவை பார்த்துக் கற்றுக்கொள்ளும். பிறகு அவை உயரத் தட்டிலிருந்தும் எடுக்கும். உப்போ பாலோ சேர்க்காமல் கிளறிய கோழிமுட்டையைச் சிறு துண்டுகளாக அந்தத் தட்டில் வைக்கலாம். பசியில்லாத நாளில் எவ்வளவு சுண்டினாலும் அவை திரும்பிப் பார்க்காது. அதற்காகச் சோர வேண்டாம். தரையில் விழுந்து பறக்க இயலாத பறவையைக் காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் வெதுவெதுப்பாக வைத்து மறுவாழ்வாளரிடம் சேருங்கள்.

அறிகுறி 7: பறவைகள் வந்துவிட்டன, கொசு குறையவில்லை

இது கோளாறே இல்லை. ஒரு மார்ட்டின் நாளொன்றுக்கு 2,000 கொசு தின்னும் என்பது விற்பனைக்காகப் பரப்பப்பட்ட கூற்று. இப்பறவை பகலில் உயரத்தில் வேட்டையாடுகிறது; தும்பி, வண்டு, ஈசல் போன்ற பெரிய பூச்சிகளே அதன் உணவு. கொசுவுக்குத் தேங்கிய நீரை அகற்றுங்கள். மார்ட்டினை மார்ட்டினுக்காகவே வளர்க்கலாம்.

அறிகுறி 8: வீடு இறங்கவில்லை, கம்பம் சாய்கிறது

வாரந்தோறும் இறக்க முடியாத வீட்டில் மேலே சொன்ன எதையும் செய்ய இயலாது. நைந்த கயிறானால் பருவத்துக்கு முன்பே மாற்றுங்கள். கப்பியில் மணல் சேர்ந்திருந்தால் துடைத்து எண்ணெய் இடுங்கள். ஒட்டுமொத்தமாகச் சாய்த்து இறக்கும் வகைக் கம்பம் என்றால், முட்டைகள் உருளும் என்பதால், நேராக ஏறி இறங்கும் கம்பத்துக்கு மாறுவதைத் தவிர வேறு வழியில்லை. அடித்தளக் காங்கிரீட் ஆடினாலோ பல்சக்கர விஞ்சின் பிடி வழுக்கினாலோ, நீங்களே கீழே நின்று முயலாமல் பற்றவைப்பும் கம்ப வேலையும் அறிந்தவரை அழையுங்கள். நிறைந்த வீடு தலைமேல் விழுந்தால் காயம் பெரிதாக இருக்கும்.

பழுதுபார்க்கும் காலம், கடைசிக் குஞ்சு வெளியேறியவுடன் தொடங்குவதில்லை. கோடையின் இறுதியில் இளம்பறவைகள் அடுத்த ஆண்டுக்கான இடங்களைச் சுற்றிப்பார்க்கும்; அதனால் ஆகஸ்ட் முடியும்வரை வீட்டை ஏற்றியே வையுங்கள். அதன்பின் இறக்கி, கூடுகளை அகற்றி, பத்து மடங்கு நீரில் கலந்த பிளீச் கரைசலால் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, துளைகளை அடைத்து உள்ளே எடுத்து வையுங்கள். வேலை மாற்றமோ நீண்ட ஊர்ப்பயணமோ வந்து அடுத்த வசந்தத்தில் வாரந்தோறும் கவனிக்க முடியாது என்று தெரிந்தால், அந்த ஆண்டு அருகில் உள்ள ஒருவரிடம் பொறுப்பை ஒப்படையுங்கள். அவருக்குக் கம்பத்தை இறக்கும் முறையையும், மார்ட்டின் கூட்டையும் குருவிக் கூட்டையும் பிரித்தறியும் முறையையும் கிளம்பும் முன் ஒருமுறை நேரில் காட்டிவிடுங்கள்.